போதைத் தடுப்புப் பணியும் நிதி விண்ணப்பமும்



இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தில் இலக்கியச் சுவை இராது. தத்துவ விசாரமும் இராது. ஊர்களிலும் பேட்டைகளிலும் இளைஞரிடையே போதைப் பழக்கம் பரவாமல் தடுக்க முயலும் சிறு ஸ்தாபனங்கள், தம் பணிக்கு வேண்டிய பொருளைச் சர்க்காரிடமும் கம்பெனிகளிடமும் அறநிலையங்களிடமும் கேட்டு விண்ணப்பம் எழுதும் முறையை எங்ஙனம் கற்க வேண்டும், அதை யார் கற்பிக்க வேண்டும் என்பதே நான் பேச வந்த பொருள். குமாஸ்தா செய்யவேண்டிய காரியத்தை ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருளாக்கலாமா என்று உங்களிற் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். இதைக் குமாஸ்தாவிடம் ஒப்படைத்துவிட்டதனால்தான் நம் நாட்டில் தடுப்புப் பணி இத்தனை பலவீனமாக இருக்கிறது என்பது என் துணிபு. அதை இயன்றவரை நிறுவ முயல்கிறேன்.

முதலில் தீமையின் அளவைப் பார்ப்போம். மத்திய சமூக நீதி, அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காகத் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையத்தார் நாடெங்கும் நடத்திய கணக்கெடுப்பின் அறிக்கை 2019-இல் வெளிவந்தது. 10 வயது முதல் 75 வயது வரையுள்ள இந்தியரில் நூற்றுக்கு 14.6 பேர், அதாவது ஏறத்தாழ 16 கோடி மக்கள், மது அருந்துகின்றனர் என்றும், அவர்களுள் 5.7 கோடிப் பேருக்கு அதன் தீமையிலிருந்து மீளப் பிறர் உதவி தேவைப்படுகிறது என்றும் அது கூறுகிறது. கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 3.1 கோடி, அபின் வழிவந்த பொருள்களைப் பயன்படுத்துவோர் 2.26 கோடி. இவற்றையெல்லாம்விட என் மனத்தை வருத்தியது வேறொரு செய்தி. பஞ்சர் ஒட்டும் ‘சொல்யூஷன்’ போன்று முகர்ந்து மயங்கும் பொருள்களில் மட்டும், பெரியவர்களைவிடச் சிறுவர்களின் விகிதம் அதிகமாக இருக்கிறது என்பதே அது.

சட்டத்தால் தடுப்பது என்னும் வழியை நம் நாடு முன்பே பரீட்சித்துப் பார்த்திருக்கிறது. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதம மந்திரியாக இருந்தபோது 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள், சாராய வருமானம் போனதனால் நேர்ந்த பள்ளத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரி வந்தது. அந்தச் சோதனையைப் பற்றி இன்று பேசுவோர் அதன் தார்மிகத்தைப் பற்றியே பேசுகின்றனர். எனக்கு அதில் விசேஷமாகப் படுவது, சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ், மது நின்ற பின் அந்த ஜில்லாவின் குடும்பங்களுடைய பொருளாதார நிலை எப்படியிருக்கிறது என்று ஆராயப் புகுந்தார் என்பதுதான். நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தியோடு நின்றுவிடாமல், செய்ததனால் என்ன மாறியது என்று கேட்கும் அந்தப் புத்தியை நாம் பிற்காலத்தில் போற்றவில்லை. தமிழ்நாட்டில் 1971-இல் மதுவிலக்கு தளர்ந்ததும், 1983-இல் சர்க்காரின் மது விற்பனைக் கழகமாகிய டாஸ்மாக் தோன்றியதும், 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்ததும் நீங்கள் அறிந்த சரித்திரம். மது விற்ற வருமானத்தைக் கணக்குப் பார்க்கும் அதே துறையே குடியின் தீமையைப் பற்றிய பிரசாரத்துக்கும் நிதி ஒதுக்குகிறது என்பதை ஒரு வேடிக்கையாக மட்டும் குறித்துவிட்டு அப்பாற் செல்கிறேன்.

சிகிச்சை வேறு, தடுப்பு வேறு. சிகிச்சைத் துறையில் நமக்குப் பெருமைப்பட இடமுண்டு. சென்னையில் 1980-இல் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிய திருமதி சாந்தி ரங்கநாதன் 1992-இல் பத்மஸ்ரீ பட்டமும், 1999-இல் ஐக்கிய நாடுகளின் வியன்னா குடிமைச் சமூக விருதும் பெற்றார். அங்கே பயின்று சென்றவர்கள் பல மாநிலங்களில் மையங்கள் நடத்துகிறார்கள். சிகிச்சைக்குப் பணம் கேட்பது ஒருவகையில் எளிது. படுக்கை இத்தனை, நோயாளி இத்தனை, குணமடைந்து வேலைக்குத் திரும்பியவர் இத்தனை என்று காட்டலாம். வந்து பார்க்கும் தனவந்தர் ஒரு மனிதனின் முகத்தையே பார்த்துவிட்டுப் போகலாம். தடுப்பில் ஈடுபட்டவனோ, மழைக்காலம் முழுதும் ஏரிக்கரையைக் காத்தவனைப் போன்றவன். கரை உடைந்தால் ஊர் அவனைத் தூற்றும், உடையாவிட்டால் அவன் என்ன செய்தான் என்று கேட்கும். நிகழாத ஒன்றைத் தன் பணியின் பயனாக எழுத்திற் காட்டவேண்டிய இச்சங்கடந்தான், இத்துறையினருக்கு விண்ணப்பம் எழுதுவதைக் கடினமாக்குகிறது; அதை எதிர்கொள்ளக் கற்பிப்பதே பயிற்சியின் சாரமாகவும் இருக்கவேண்டும்.

பணம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மத்திய அமைச்சகம் 1985-86 முதலே தொண்டு நிறுவனங்களுக்கு இத்துறையில் உதவித்தொகை வழங்கி வருகிறது. இப்போது போதைப்பொருள் தேவையைக் குறைப்பதற்கான தேசியச் செயல்திட்டம் என்னும் பெயரில் மறுவாழ்வு மையங்களுக்கும், சிறுவர்களைக் கொண்டே சிறுவர்களிடம் பேசச் செய்யும் சமூகப் பணிகளுக்கும், தெருவோர இளைஞரைத் தேடிச் செல்லும் மையங்களுக்கும் அது பொருள் தருகிறது. 2020 ஆகஸ்டு 15-இல் 272 ஜில்லாக்களைக் குறிவைத்துப் போதையில்லா பாரத இயக்கம் தொடங்கிற்று. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் தம் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் 7-ஆம் அட்டவணையில் நோய்த் தடுப்புச் சுகாதாரமும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் இக்கதவைத் தட்டும் தடுப்பு ஸ்தாபனங்களுட் பல, தாங்கள் எந்த இனத்தின் கீழ் வருகிறோம் என்பதையே குறிப்பிடாமல் தட்டுகின்றன.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சங்கப் பதிவு, நிதி ஆயோகின் தர்பன் எண், வருமான வரிச் சட்டப்படி வேண்டிய பதிவுகள், கம்பெனி நிதிக்குச் சி.எஸ்.ஆர்.-1 படிவம், தணிக்கையான கணக்குகள், பழைய மானியத்துக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேகரித்து ஒரு கோப்பில் வைத்துக்கொள்ள அரை நாள் பாடம் போதும். பயிற்சி என்ற பெயரில் நடைபெறும் வகுப்புகளோ இந்த அரை நாட் பாடத்தையே மூன்று நாளாக நீட்டி, மீதி நேரத்தில் கவர்ச்சியான ஆங்கில வாசகங்கள் சிலவற்றை எழுதிக்கொள்ளச் செய்து, சான்றிதழும் மதிய உணவும் தந்து அனுப்பிவிடுகின்றன.

விண்ணப்பத்தின் உயிர் அதன் முதற் பகுதியில், அதாவது தேவையை எடுத்துரைக்கும் பகுதியில் இருக்கிறது. நான் சற்று முன் படித்த அந்தத் தேசியப் புள்ளிவிவரங்களை அப்படியே பெயர்த்தெழுதி, இளைய தலைமுறை சீரழிந்துகொண்டிருக்கிறது என்று ஒரு பெருமூச்சையும் சேர்த்து, ஆகவே எங்களுக்கு இத்தனை லட்சம் தருக என்று முடிப்பதே வழக்கமாக இருக்கிறது. 16 கோடி என்ற எண் இந்தியாவைப் பற்றியது; உங்கள் வட்டத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில், இந்தப் பள்ளியில், எந்த வயதினர், எந்தப் பொருளை, எங்கே வாங்கி, எந்த நேரத்தில், யாரோடு சேர்ந்து பயன்படுத்துகிறார்கள் என்று சொல்ல முடியாதவன், எதைத் தடுக்கப் போகிறான்? உதட்டிடுக்கில் ஒதுக்கிவைக்கும் புகையிலைப் பொட்டலம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பிலேயே நுழைந்திருக்கலாம். அடுத்த ஊர்ப் பள்ளியில் அது இல்லாமல், பிளஸ் டூ முடித்துக் கட்டட வேலைக்குப் போகும் பையன்களிடம் சனிக்கிழமைக் கூலியோடு மது வந்து சேரலாம். இரண்டு ஊர்களுக்கும் ஒரே விண்ணப்பத்தைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவது கேட்பவனுக்கும் நஷ்டம், கொடுப்பவனுக்கும் நஷ்டம்.

இவ்விவரங்களை அறிய லட்சக்கணக்கில் செலவு வேண்டியதில்லை. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள்கள் விற்கக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒரு நாள் மாலை அளவு நாடாவோடு பள்ளி வாசலிலிருந்து நடந்தால், அந்தச் சட்டம் அந்தத் தெருவில் எத்தனை கடைகளில் மீறப்படுகிறது என்று தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கையையும், தலைமையாசிரியரின் அனுமதியோடு பெயர் எழுதாமல் மாணவரிடம் பெற்ற விடைகளையும், பள்ளியை விட்டு நின்றவர்களின் கணக்கையும், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரும் பஸ் நிலையத்து டீக்கடைக்காரரும் சொன்னவற்றையும் சேர்த்து இரண்டு பக்கம் எழுதினால், அதற்கு ஈடான எழுத்தைப் பட்டணத்து எழுத்தர் எவரும் எழுதித் தர முடியாது. ஆகவேதான் விண்ணப்பம் எழுதும் பயிற்சி, பேனாவைப் பிடிப்பதற்கு முன் தெருவில் நடப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

தேவையைச் சொன்ன பின், என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்லவேண்டும். இங்கே நம் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. சர்வதேசப் போதை எதிர்ப்பு நாளான ஜூன் 26-ஆம் தேதி ஊர்வலம், உறுதிமொழி, ஓவியப் போட்டி, அழுகிய நுரையீரலின் படம், குடியை விட்ட ஒருவரின் கண்ணீர் உரை, முடிவில் புகைப்படம். போதைத் தடுப்புக்கான சர்வதேசத் தரநூல் ஒன்றை ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2013-இல் வெளியிட்டது. உலகச் சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து 2018-இல் அதன் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. அச்சுறுத்திப் பயன் காண முயல்வதும், போதையிலிருந்து மீண்டவர்களைப் பள்ளியில் நிறுத்திச் சாட்சியம் சொல்லச் செய்வதும் பயன் தருவதாகத் தெரியவில்லை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. பெற்றோருக்குக் குழந்தை வளர்ப்புத் திறன் கற்பித்தல், மறுக்கவும் முடிவெடுக்கவும் மாணவரைப் பல அமர்வுகளில் பழக்குதல், பள்ளியோடு பற்று அறாமற் காத்தல், விற்பனையைக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றுக்கே அது ஆதாரம் காட்டுகிறது. இவையெல்லாம் புகைப்படத்தில் நன்றாக விழுவதில்லை என்பது உண்மைதான்.

நல்லெண்ணமும் பெரும்பொருளும் சேர்ந்தும் காரியம் கைகூடாமற் போனதற்கு அமெரிக்கா ஓர் உதாரணம் தருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1983-இல் போலீஸ் இலாகாவும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து தொடங்கிய ‘டேர்’ என்னும் திட்டத்தில், சீருடை அணிந்த போலீஸார் வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்தினார்கள். பெற்றோர் மகிழ்ந்தனர், அரசியல்வாதிகள் ஆதரித்தனர், நாடெங்கும் அது பரவிற்று. அத்திட்டத்தில் கற்ற பிள்ளைகளுக்கும் கல்லாத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் நீண்டகாலத்தில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்று 2003-இல் அந்நாட்டு மத்தியக் கணக்காய்வு அலுவலகம் எழுதிற்று. பின்னர் அத்திட்டத்தார் தம் பாடத்தை மாற்றிக்கொண்டனர். அது வரையில் செலவான பணம் திரும்பி வரவில்லை.

அதே நாடு 1997-இல் வேறொரு சட்டம் இயற்றிற்று. போதையற்ற சமூகங்களுக்கான அச்சட்டப்படி, பெற்றோர், பள்ளி, போலீஸ், வணிகர், சமய நிலையம், பத்திரிகை, மருத்துவர், இளைஞர் என்று 12 தரப்பாரைத் தன்னுள் கொண்ட உள்ளூர்க் கூட்டணி ஒன்று விண்ணப்பித்தால், ஆண்டுக்கு 1,25,000 டாலர் வரையில் ஐந்தாண்டு கிடைக்கும். மறுபடியும் போட்டியிட்டால் பத்தாண்டு வரை நீளலாம். தரும் பணத்துக்கு ஈடாக ஊராரும் பங்கு காட்டவேண்டும் என்பது நிபந்தனை. தொண்டர்கள் செலவிடும் நேரத்தையும் இரவலாகக் கிடைத்த மண்டபத்தையும் அந்தப் பங்கில் மதிப்பிட்டுச் சேர்க்கலாம். பயனை அளக்க அவர்கள் நிர்ணயித்த அளவைகள் நான்கு. கடந்த 30 நாளில் பயன்படுத்தினாயா, இது எவ்வளவு தீங்கு என்று நினைக்கிறாய், உன் பெற்றோர் இதைத் தவறென்று கருதுவார்களா, உன் தோழர்கள் கருதுவார்களா என்று குறித்த கால இடைவெளியில் மாணவரைக் கேட்பார்கள். நிகழாததை எப்படி எண்ணுவது என்ற நம் சங்கடத்துக்கு இதில் விடை இருக்கிறது: குடிக்காத பையனை நேராக எண்ண முடியாவிட்டாலும், அவனைக் குடியிலிருந்து விலக்கி நிறுத்தும் காரணங்கள் இவ்வாண்டு வலுத்தனவா மெலிந்தனவா என்று எண்ணிவிடலாம். ஐஸ்லாந்தில் இப்படிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் விசாரித்து, விடைகளை அந்தந்த ஊருக்கே திருப்பிக் கொடுத்து, மாலை வேளைகளில் விளையாட்டுக்கும் இசைக்கும் வழிசெய்தார்கள். 15, 16 வயதினரில் கடந்த மாதத்தில் ஒருமுறையாவது குடித்து வெறித்தவர் 1998-இல் நூற்றுக்கு 42 பேராக இருந்தது, 2016-இல் 5 ஆயிற்று.

பயனை அளக்கும் இம்முறையைப் பயிற்சியிற் கற்பிக்கும்போது ஒரு வேற்றுமையை மட்டும் மனத்திற் பதியவைத்தால் போதும். ‘50 விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவோம்’ என்பது நாம் செய்யும் செயல்; ‘இப்பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் புகையிலையைத் தீங்கற்றது என்று நினைப்போர் தொகை இரண்டாண்டில் பாதியாகும்’ என்பது பிறரிடம் நிகழும் மாற்றம். முன்னதை எழுதுபவன் கூட்டம் நடந்ததும் கடமை தீர்ந்ததென்று இருந்துவிடுவான். பின்னதை எழுதியவன் தான் செய்வது பலிக்கவில்லையென்றால் நடுவிலேயே வழியை மாற்றிக்கொள்வான்.

வரவு செலவுத் திட்டம் எழுதும்போது நம் தொண்டர்களுக்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. சம்பளம் கேட்டால் சேவையின் தூய்மை கெட்டுவிடும் என்று எண்ணி, நோட்டீசுக்கும் பேனருக்கும் பணம் கேட்டுவிட்டு, வாரந்தோறும் அந்தப் பேட்டைக்குப் போகும் பெண்ணின் ஊதியத்தையும் பஸ் செலவையும் விட்டுவிடுகிறார்கள். தடுப்புப் பணி மனிதர் மனிதரைச் சந்திப்பதனால் நடப்பது. அதன் செலவில் பெரும்பகுதி சம்பளமாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும். மானியத் தவணை தாமதமாக வரும் என்பதை எதிர்பார்த்து, அதுவரை தாக்குப்பிடிக்கக் கையிருப்புக்கு வழிசெய்துகொள்வதும் பயிற்சியில் சேரவேண்டிய பாடமே. கணக்கு எழுதுபவரையும் தணிக்கையாளரையும் செலவாகவே கருதாத விண்ணப்பம், அடுத்த ஆண்டுப் பயன்பாட்டுச் சான்றிதழின்போது விழி பிதுங்கும்.

இரு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும். படிப்பவர் மனத்தை உருக்குவதற்காகக் குழந்தையின் பெயரையும் படத்தையும் விண்ணப்பத்திற் சேர்ப்பது பரவலான வழக்கம்; பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும், பதின்மூன்று வயதில் ‘சொல்யூஷன்’ முகர்ந்தான் என்ற செய்தி முப்பது வயதில் அவன் கல்யாணப் பேச்சின் நடுவே வந்து நிற்க நாம் காரணமாகக் கூடாது. மற்றொன்று, மது, புகையிலை வியாபாரத்தார் தரும் நன்கொடை. பொறுப்போடு குடியுங்கள் என்று அவர்கள் செலவில் சொல்வதைவிட, பணமில்லாமல் இருந்துவிடலாம் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்துடையோர் இந்த அவையிலேயே இருப்பார்கள்.

இனிப் பயிற்சியின் வடிவம். ஸ்தாபனத்தின் தலைவரை மட்டும் பட்டணத்து ஓட்டலுக்கு அழைத்துப் பேசுவது வீண். களத்தில் நடப்பவர் ஒருவரும் கணக்கெழுதுபவர் ஒருவரும் சேர்ந்து வரவேண்டும்; முதற் சந்திப்புக்குப் பின் சில வாரம் ஊர் திரும்பி விவரம் சேகரித்து, அதைக் கொண்டுவந்து எழுதவேண்டும்; எழுதியதை இன்னொரு ஸ்தாபனத்தார் மதிப்பெண் தாளோடு படித்துக் குறை சொல்லவேண்டும். பிறர் விண்ணப்பத்துக்கு மதிப்பெண் போட்டவனுக்குத் தன் விண்ணப்பத்தின் ஓட்டை தானே தெரிந்துவிடும். எல்லாம் தமிழில் நடக்கவேண்டும். ஆங்கிலத்தில் அனுப்ப நேர்ந்தாலும் யோசிப்பது தமிழில் ஆகட்டும். பெயர்ப்பதற்கு ஆள் உண்டு, இப்போது இயந்திரமும் உண்டு. கணிப்பொறியிடம் கேட்டால் குற்றமற்ற நடையில் பத்துப் பக்கம் நொடியில் எழுதித் தருகிறது. நடையழகு இவ்வளவு மலிந்துவிட்ட காலத்தில், எந்தக் கடையில் எந்தப் பொட்டலம் விற்கிறது என்ற செய்திக்குத்தான் மதிப்பு ஏறும். அந்தச் செய்தி இயந்திரத்திடம் இல்லை. இங்கே பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தொண்டர்களிடம் இருக்கிறது.

பொருள் தருவோருக்கும் சொல்லவேண்டியது உண்டு. மூன்று பக்கத்தில் கேட்கவேண்டியதை நாற்பது பக்கத்தில் கேட்பதும், ஓராண்டுக்குப் பணம் கொடுத்துப் பத்தாண்டுப் பலனை எதிர்பார்ப்பதும், மறுத்தால் காரணம் சொல்லாமல் இருப்பதும் சிறு ஸ்தாபனங்களை அழித்து, நன்றாக எழுதத் தெரிந்த பெரிய ஸ்தாபனங்களை மட்டும் வளர்க்கும். ஆகையால் இந்த மேடையிலிருந்து மூன்று வேண்டுகோள் விடுக்கிறேன். தமிழில் எழுதிய விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். நிராகரித்த ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அரைப் பக்கமாவது காரணம் எழுதி அனுப்புங்கள். சமூகப் பணித் துறைப் பேராசிரியர்களே, உங்கள் மாணவர்களின் களப்பணியில் ஒரு பருவத்தை, அருகிலுள்ள தடுப்பு ஸ்தாபனத்தோடு அமர்ந்து அதன் ஊர் விவரத்தைத் தொகுத்து எழுதுவதற்கென்று, வரும் கல்வியாண்டிலேயே ஒதுக்குங்கள்.